யார் பேர் மேலே

எங்கள் முதலாளியின் மகன் அச்சகத்துக்கு ஒரு மலர் போடுகிறாராம். "இத்தினி வருஷம் இருந்தீங்க. எத்தினி பேரு புக்கு போட வந்திருப்பாங்க. எதுக்குப் போட்டாங்கன்னு எழுதுங்க, தமாஷா இருக்கும்" என்றார். எனக்கு அதில் தமாஷ் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் எழுத்தாளர் ஆனவர்கள் சிலர் உண்டு. என்னை அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் எழுத்துக் கோத்தவன். ஈய எழுத்தைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்கும் வேலை. கற்றுக்கொண்ட கதையில் விசேஷம் எதுவும் இல்லை. முதலில் கடையைக் கூட்டினேன். பிறகு எழுத்தைக் கலைத்தேன், அதாவது அச்சாகி முடிந்த பக்கத்தைப் பிரித்து எழுத்துகளை அந்தந்த அறையில் திரும்பப் போட்டேன். பிறகு கோக்க விட்டார்கள். அதற்குள் மீசை வந்துவிட்டது.

ஆரணிக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் அப்படியே எங்கள் கடைக்கும் வந்து பத்திரிகைக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். முகூர்த்த மாதங்களில் எங்களிடம் இருந்த எழுத்தெல்லாம் பத்திரிகைகளில் மாட்டிக்கொண்டிருக்கும். அதனால் புத்தக வேலை என்றால் ஆடியில் அல்லது மார்கழியில். இலக்கியம் எங்கள் ஊரில் கல்யாணம் இல்லாத மாதத்தில்தான் வெளிவந்தது. இது முதலாளி போட்ட சட்டம்.

முதலாளி நடேசன் அதிகம் பேசமாட்டார். "ஏத்து" என்றால் மெஷினில் ஏற்று. "வை" என்றால் ஏற்றாதே. இந்த இரண்டு சொல்லில் கடையை நடத்தினார். புரூஃப் வந்தால் விஷயத்தைப் பார்க்கமாட்டார், பேர்களைத்தான் பார்ப்பார். அதையும் கீழேயிருந்து மேலே, இனிஷியலோடு, சத்தமாக வாசிப்பார். மேலிருந்து வாசித்தால் கண் தானாக ஓடிவிடுமாம். "விஷயத்துல தப்பு வந்தா சாமி மன்னிச்சிடும். பேருல தப்பு வந்தா சம்பந்தி மன்னிக்கமாட்டான்" என்பார். இன்னொரு சட்டமும் உண்டு. யார் பேர் அச்சில் வருகிறதோ அவர் புரூஃபைப் பார்த்து ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் வீட்டுக்காரர் ஒருவர் போட்டால் போதும். அத்தனை மாமன் மச்சானைத் தேடிப் போக முடியாது. சாவு, கருமாதிப் பத்திரிகைக்கு யாரிடமும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் யாரைப் போய்க் கேட்பது.

புத்தகம் போட வந்தவர்களைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கவிதை போட்டார். மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குப் பதிலாகக் கொடுப்பதற்கு. வந்தவர்கள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, தேங்காய் எங்கே என்று கேட்டார்கள். ஹோமியோபதி மருத்துவர் ஒருவர் பின் அட்டைக்குக் கன்னத்தில் கை வைத்த போட்டோவைக் கொடுத்துவிட்டு, புத்தகம் பிறகு தருகிறேன் என்றார். இன்னும் தரவில்லை. பக்கத்து ஊரான திருமலையிலிருந்து ஒருவர் அந்த ஊர் மலையின் வரலாற்றை எழுதிக்கொண்டு வந்தார். டீக்கடையில் ஒருத்தன் அவரோடு தர்க்கம் பண்ணினானாம். "அவன் மூஞ்சிக்கு நேரா ஒண்ணு தூக்கிப் போடணும், அவ்ளோதான்" என்றார். ஒரு பிரதிக்காக அச்சடிக்க முடியாது என்பதால் மீதி ஊர் முழுக்கப் போயிற்று.

சந்தவாசல் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். கூலி வேலை செய்கிற குடும்பம். அவன்தான் அந்த வீட்டில் முதலில் சம்பளத்துக்குப் போனவன். சின்னதாக ஒரு கவிதைப் புத்தகம். கவிதையைப் பற்றி அவன் ஒன்றும் கவலைப்படவில்லை. முதல் பக்கத்தில் அப்பா பேருக்கு முன்னால் "திரு", பின்னால் "அவர்கள்", இரண்டும் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்பதில் மட்டும் குறியாக இருந்தான். ஊரில் வாண்டுகள்கூட அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுமாம். புத்தகம் வாங்க அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது. முதல் பக்கத்தை என்னிடம் நீட்டி, "இதுல எது நானுங்க?" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். "இம்மா நீளமா?" என்றார். அந்த வேலைக்காக நான் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

நான் சொல்ல உட்கார்ந்தது தட்சிணாமூர்த்தியின் புத்தகத்தைப் பற்றி.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி. முகூர்த்தம் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரத்தில் தட்சிணாமூர்த்தி வந்தார். பட்டு நெசவு, வீட்டோடு தறி. அதற்குச் சில வருஷம் முன்னால் மகள் கல்யாணப் பத்திரிகையை எங்களிடம்தான் அடித்திருந்தார். அந்தப் பத்திரிகையால் வந்த வம்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தட்சிணாமூர்த்திக்கு ஒரு அண்ணன், ஏகாம்பரம். அப்பா சீக்கிரம் போய்விட்டார். தம்பிக்குத் தறி போட்டுக் கொடுத்து, பெண் பார்த்து, கல்யாணம் பண்ணி வைத்ததெல்லாம் ஏகாம்பரம்தான். அவருக்குப் பிள்ளை கிடையாது. முறைப்படி பத்திரிகையில் அவர் பேர்தான் மேலே வர வேண்டும். ஆனால் மண்டபச் செலவு தட்சிணாமூர்த்தியின் மச்சான் சேத்துப்பட்டு சம்பத்துடையது. அவர் எங்கள் கடைக்கே வந்து நின்றுகொண்டு, "தாய்மாமன் இல்லாம எந்தக் கல்யாணம் நடக்குது? என் பேரு மொதல்ல" என்றார். தட்சிணாமூர்த்தி வாயைத் திறக்கவில்லை. சம்பத் பேர் மேலே, தட்சிணாமூர்த்தி பேர் நடுவில், ஏகாம்பரம் பேர் கடைசியில்.

முதலாளி கீழேயிருந்து வாசித்தவர் முதல் பேரிலேயே நின்றுவிட்டார். "பெரியவருக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிக்கிறேங்க" என்றார் தட்சிணாமூர்த்தி.

சொல்லவில்லை. மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தன் வீட்டில் வைத்து அழைத்தபோதுதான் ஏகாம்பரம் பார்த்தார். கல்யாணத்துக்கு வரவில்லை. சமாதானம் பேசப் போன பெரியவர்களிடம், "ஊருக்கே அச்சடிச்சி குடுத்துட்டு, வூட்டுக்குள்ள வந்து என் காதுல மன்னிப்பு கேப்பானா? அச்சுல போனது அச்சுலதான் வரணும். இல்லன்னா நான் செத்தாலும் அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார்.

பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். எனவே இது சும்மா கோபத்தில் விட்ட வார்த்தை இல்லை. அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டு இரண்டு பேரும் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

இப்போது தட்சிணாமூர்த்தி வந்து முதலாளி எதிரே உட்கார்ந்தார். "அண்ணனுக்கு நெஞ்சுல நீர் கோத்துகினு கீதாம். வேலூர்ல காட்டிட்டு வந்தாங்க. கேரண்டி சொல்லலியாம். எனக்கு இன்னொரு பொண்ணு இருந்தா பத்திரிகை அடிச்சி அவரு பேரை மேல போட்டுடுவேன். இருந்தது ஒண்ணு. பசங்க ரெண்டும் படிச்சிகினு கீறானுங்க. அவனுங்க கல்யாணம் வரிக்கும் அவரு இருக்கணுமே. அதான் ஒரு புக்கு போடலாம்னு."

"இன்னா புக்கு?"

"எதுனா புக்குங்க. அண்ணன் பேரு மேல வரணும், என் பேரு கீழ வரணும். நடுவுல இன்னா போடறதுன்னு நீங்க பாத்து சொல்லுங்க."

புத்தகம் போட ஆசைப்பட்ட பலரை எனக்குத் தெரியும். எல்லாரிடமும் குறைந்தபட்சம் ஒரு விஷயம் இருந்தது, அல்லது இருப்பதாக அவர்கள் நினைத்தார்கள். இந்த மனுஷர் ஒருவர்தான் நேர்மையாக வந்தார்.

முதலாளி கையிலிருந்த புரூஃபைத் தள்ளி வைத்தார். "பாடத் தெரியுமா?"

"மார்கழி பஜனைல பின்பாட்டு பாடியிருக்கறேன். அண்ணன்தான் முன்னால பாடுவாரு."

"அப்ப போற்றி எழுது. நூத்தியெட்டு. ஒரு வரிக்கும் இன்னொரு வரிக்கும் சம்பந்தம் தேவையில்ல."

மூன்றாம் நாள் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அவர்கள் தெரு அம்மன் மேல் போற்றி. பாதி வரைக்கும் நன்றாகவே இருந்தது. அதற்குமேல் அம்மனுக்குப் பேர் தீர்ந்துபோய், தெரிந்ததையெல்லாம் போட்டிருந்தார். "ஓம் தறிக்குழியில் தண்ணீர் வராமல் தடுப்பாய் போற்றி." "ஓம் கரண்டு போனாலும் கண்மூடாதாய் போற்றி." ஓரிடத்தில் "ஓம் முன் சொன்ன யாவும் ஆனாய் போற்றி" என்றும் இருந்தது. வேறு வழியில்லாமல் எழுதியது என்று பார்த்தாலே தெரிந்தது.

அடுத்த சிக்கல் ஏகாம்பரத்தின் பேர். அச்சில் ஒரு பேர் சும்மா நிற்காது, அதற்கு அங்கே ஒரு வேலை இருக்க வேண்டும். அவர் எழுதவில்லை. வெளியிடவில்லை. முன்னுரை கொடுக்கவில்லை. சமர்ப்பணம் என்று போடலாமா என்று நான் கேட்டேன். தட்சிணாமூர்த்தி பதறிப்போய், "உயிரோட கீறவருக்குப் படையல் போட்ட மாதிரி ஆயிடுங்க" என்றார். கடைசியில் முதலாளி தீர்த்து வைத்தார். அட்டையில் மேலே, பெரிய எழுத்தில், "அண்ணன் ஏகாம்பரம் அவர்களின் ஆசியோடு." கீழே, சின்ன எழுத்தில், தட்சிணாமூர்த்தி.

"ஆடியில அடிச்சிடலாம்" என்றேன் நான், சட்டப்படி.

"சாவுப் பத்திரிகைய ஆடி வரிக்கும் வெச்சிருப்பமா? இதுவும் அந்த மாதிரி வேலைதான். ஏத்து" என்றார் முதலாளி.

சொல்வது சுலபம். போற்றி என்கிற சொல்லை நூற்றெட்டு தடவை கோக்க எங்களிடம் எழுத்து ஏது. இருந்த "ற்" பாதி மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் பேர்களில் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கம் கோப்பேன், அடிப்பார்கள், அதைக் கலைத்து அதே எழுத்தில் அடுத்த இரண்டு பக்கம் கோப்பேன். நடுவில் யாராவது வந்து, "என் பத்திரிகை இன்னா ஆச்சி, ஜல்தியா குடுங்க" என்று நிற்பார்கள். பேஜாரான வேலை. ஆனால் ஒவ்வொரு நாளும் தட்சிணாமூர்த்தி வாசலில் வந்து நின்று, "அண்ணன் இன்னிக்கு கஞ்சி குடிச்சாராம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அதைக் கேட்ட பிறகு கோக்காமல் எப்படி இருப்பது.

அட்டையை ஏற்றுவதற்கு முன்னால் முதலாளி சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஏகாம்பரம் ஆசி கொடுத்ததாக அச்சில் வருகிறது, அவர் கையெழுத்து வேண்டும். தம்பி வாசப்படி மிதிக்கக் கூடாது என்பதால் நான் போனேன்.

ஏகாம்பரம் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். மூச்சு இரைத்தது. அட்டையைக் கொடுத்தேன். தன் பேரைப் பார்த்தார். அதற்குக் கீழே தம்பி பேரைப் பார்த்தார். பிறகு உள்பக்கங்களைக் கேட்டார். எங்களிடம் அச்சானதும் ஆகாததுமாக இருந்ததையெல்லாம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் புரட்டினார்.

"கரண்டு போனாலும் கண்மூடாதாயா?" என்றார்.

"ஆமாங்க."

"இதுக்கு நான் ஆசி குடுத்தேன்னு ஊர்ல சிரிக்கறதுக்கா? அவன் இதை எழுதறப்ப நீங்கள்லாம் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

நாங்கள் கோத்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லவில்லை. அட்டையின் ஓரத்தைக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்துங்க" என்றேன்.

"வெச்சிட்டுப் போ" என்றார்.

இதை நான் வந்து சொன்னதும் தட்சிணாமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதார் என்றே நினைக்கிறேன். "நான் அவரு பேரை ரெண்டாம் தடவ கெடுத்துட்டேன்" என்றார். எனக்கு அவர் மேல் இரக்கமும் வந்தது, கோபமும் வந்தது. அன்றைக்குச் சம்பத் பக்கத்தில் நின்றபோது இந்த வாய் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஏகாம்பரம் வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்து காகிதங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். கையெழுத்து இல்லை. ஆனால் பின்பாதி முழுவதும் பென்சிலால் அடித்துத் திருத்தியிருந்தது. கரண்டு போயிருந்தது. முன் சொன்ன யாவும் போயிருந்தது. எல்லா இடத்திலும் ஒழுங்கான அம்மன் பேர்கள். பஜனையில் முன்னால் பாடுகிற மனுஷர் அல்லவா. தறிக்குழித் தண்ணீரை மட்டும் அடிக்காமல் விட்டிருந்தார். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறி, கால் வைக்க முடியாமல் தறி நின்றுபோகும். அது உண்மையான பிரார்த்தனைதான்.

நான் முதலாளியிடம் காட்டினேன். "கையெழுத்து போடலீங்க."

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இம்மாந்தூரம் திருத்தினவன் வேணாம்னா சொல்றான்? ஏத்து" என்றார். அச்சாகியிருந்த பக்கங்களையும் திரும்பக் கோக்கச் சொன்னார். அந்தக் காகிதச் செலவைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

வெளியீட்டு விழா எதுவும் நடக்கவில்லை. முதல் பிரதியின் நான்கு மூலையிலும் தட்சிணாமூர்த்தியே மஞ்சள் தடவினார், கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது போல. அதை நான்தான் கொண்டு போனேன். ஏகாம்பரம் வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தார். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னா?"

"அவருகிட்ட எதுனா சொல்லணுங்களா?"

கண்ணாடியைக் கழற்றினார். "சரி. என் சாவுக்கு வரட்டும்" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு முன்னால் வரலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் ரத்து செய்திருப்பார்.

வந்து சொன்னேன். தட்சிணாமூர்த்தி எழுந்து நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஓட்டலில் இனிப்பு வாங்கி வந்து கடையில் எல்லாருக்கும் கொடுத்தார். பத்திரிகை வாங்க வந்தவர்களுக்கும் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். "எங்க அண்ணன் அவரு சாவுக்கு என்னை வரச் சொல்லிட்டாருங்க" என்றார். அவர்கள் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு ஏகாம்பரம் சாகவில்லை. மருந்து கேட்டுவிட்டது. மார்கழியில் பஜனைக்கு எழுந்து வந்துவிட்டார். அந்தப் போற்றியையே கோவிலில் பாடினார்கள். அவர் முன்னால் சொல்ல, கூட்டத்தில் நின்று தட்சிணாமூர்த்தி போற்றி என்று சொல்வார். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் போய்வந்தது. வேறு பேச்சு கிடையாது. வருஷங்கள் ஓடின. எங்கள் கடையில் ஈயம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, முதலாளி போய் அவர் மகன் வந்தார். நான் புரூஃப் பார்க்க உட்கார்ந்தேன். பேர்களைக் கீழேயிருந்துதான் வாசித்தேன்.

ஒரு ஐப்பசியில் தட்சிணாமூர்த்தி இறந்துபோனார். மாரடைப்பு. காலையில் நன்றாக இருந்தவர். நான் போனபோது ஏகாம்பரம் தம்பியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். எடுக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

கருமாதிப் பத்திரிகைக்கு அவரே கடைக்கு வந்தார், தடி ஊன்றிக்கொண்டு. எங்கள் கடைக்குள் அவர் வந்தது அன்றுதான். தம்பி மகன்கள் எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டினார். அழைப்பவர்கள் வரிசையில் முறைப்படி பெரியப்பா ஏகாம்பரம் பேர் முதலில். பிறகு மகன்கள். கடைசியில் மைத்துனர் சேத்துப்பட்டு சம்பத். முதலாளி மகன் அப்படியே அடித்துத் திரையில் காட்டினார்.

ஏகாம்பரம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "மேல சம்பத்தைப் போடு. என் பேரைக் கடைசில போடு."

"பெரியவரே, முறைன்னு ஒண்ணு..."

"முறை எனக்குத் தெரியும்பா. அன்னிக்குக் கல்யாணப் பத்திரிகைல அவன் என்னை எங்க வெச்சானோ, அங்கியே போடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "என் சாவுக்கு வாடான்னு சொன்னேன். எம்மா நாளு காத்துகினு இருந்தான். கடைசில என்னை அவன் சாவுக்கு வர வெச்சிட்டான்."

முதலாளி மகன் விசையைத் தட்டினார், பேர் கீழே இறங்கிவிட்டது. ஈயமாக இருந்தால் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்.

புரூஃப் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கீழேயிருந்து மேலே நிதானமாகப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எங்க கையெழுத்து போடணும்?" என்றார்.

கருமாதிப் பத்திரிகைக்கு நாங்கள் கையெழுத்து வாங்குவதில்லை. ஓரத்தைக் காட்டினேன். போட்டார்.